கேள்வி கேட்கும், பதிலுக்குக் காத்திருக்காது! கன்சோல் புரோகிராம்களின் கீபோர்ட் ரகசியம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் சில வாரங்கள் கேம்ஸ், பாட்டு, இன்டர்நெட் என்று ஓடிவிடும். பிறகு வீட்டில் யாராவது ஒருவருக்கு, பெரும்பாலும் கல்லூரியில் சேர்ந்த மகனுக்கோ மகளுக்கோ, புரோகிராம் எழுதும் ஆசையோ கட்டாயமோ வந்துவிடும். சி மொழியில் இரண்டு எண்களைக் கூட்டும் புரோகிராம் ஒழுங்காக வேலை செய்யும். அடுத்து வயதையும் பெயரையும் கேட்கும் புரோகிராம் எழுதுவார்கள். அங்கேதான் சிக்கல். "வயது என்ன?" என்று கேட்கிறது. 34 என்று டைப் செய்து என்டர் தட்டுகிறோம். "பெயர் என்ன?" என்ற அடுத்த கேள்வியும் திரையில் வருகிறது. ஆனால் ஒரு எழுத்தைக்கூட டைப் செய்ய விடாமல் புரோகிராம் முடிந்துவிடுகிறது!

இந்தச் சந்தேகத்தைப் பல பேர் என்னிடம் பல விதமாகக் கேட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டதா என்று கேட்டவரும் உண்டு. புதுக் கீபோர்ட் வாங்கி மாட்டிப் பார்த்தவரும் உண்டு. இரண்டுமே காரணம் இல்லை. கீபோர்டுக்கும் புரோகிராமுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கியூ நிற்கிறது. அதைப் புரிந்துகொண்டால் இந்தச் சிக்கலும், இதைப்போன்ற வேறு நாலைந்து சிக்கல்களும் தீர்ந்துவிடும்.

ஒரு சின்னக் குறிப்பு. கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் டைப் செய்யும்போது வழக்கம்போல் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள்.

கன்சோல் என்றால்...

மவுஸ், பட்டன், மெனு எதுவும் இல்லாமல் எழுத்துகளை மட்டும் காட்டும் கறுப்பு ஜன்னல்தான் கன்சோல். விண்டோஸில் விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்தி, சிஎம்டி என்று டைப் செய்து என்டர் தட்டினால் வரும்.

இன்று இது ஜன்னலாக இருந்தாலும் இதன் மூதாதை ஒரு டைப்ரைட்டர். யூனிக்ஸும் சி மொழியும் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவான 1970 வாக்கில், கம்ப்யூட்டரோடு பேச டெலிடைப் என்ற இயந்திரத்தைத்தான் பயன்படுத்தினார்கள். டைப் அடித்தால் தாளில் எழுத்து விழும். கம்ப்யூட்டரின் பதிலும் அதே தாளில் விழும். அதில் புகழ்பெற்ற மாடல் 33, ஒரு நொடிக்கு 10 எழுத்துகள்தான் அடிக்கும். அந்தக் காலத்துக்கு ஏற்ப, ஒவ்வொரு எழுத்தாக அல்லாமல் ஒவ்வொரு வரியாகக் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டார்கள். அந்த வழக்கம் இன்றும் போகவில்லை.

சி மொழியைப் பொறுத்தவரை ஒரு வேடிக்கை உண்டு. கீபோர்டிலிருந்து படிக்கவோ திரையில் எழுதவோ மொழிக்குள் எந்தக் கட்டளையும் கிடையாது. எல்லாம் ஸ்டாண்டர்ட் ஐஓ என்ற லைப்ரரியில் இருக்கிறது. புரோகிராமின் தலையில் எஸ்டிடிஐஓ.எச் என்று சேர்க்கிறோமே, அது இதற்காகத்தான். 1979-ல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு பரவிய இந்த லைப்ரரி, 1989-ல் சி மொழிக்கான அமெரிக்கத் தர நிர்ணயத்தில் இடம்பிடித்தது. பிரின்ட்எஃப், ஸ்கேன்எஃப் எல்லாம் இதன் பிள்ளைகள்.

கியூவில் நிற்கும் என்டர்

இப்போது நம் பிரச்சினைக்கு வருவோம். பலரும் எழுதும் புரோகிராம் இப்படித்தான் இருக்கும்:

பிரின்ட்எஃப்("வயது என்ன? ");
ஸ்கேன்எஃப்("%டி", &வயது);
பிரின்ட்எஃப்("பெயர் என்ன? ");
கெட்ஸ்(பெயர்);

நீங்கள் 34 என்று டைப் செய்கிறீர்கள். அந்த இரண்டு இலக்கங்களும் உடனே புரோகிராமுக்குப் போவதில்லை. விண்டோஸ் அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. அதனால்தான் தப்பாக அடித்தால் பேக்ஸ்பேஸ் போட்டு அழிக்க முடிகிறது. என்டர் தட்டியதும் அந்த வரி முழுவதும் லைப்ரரியின் கையில் வந்து சேரும். லைப்ரரி அதைப் பஃபர் என்ற இடத்தில் வரிசையாக நிறுத்தி வைக்கிறது. ரேஷன் கடைக் கியூ மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 3, அதன் பின்னால் 4, அதன் பின்னால் என்டர். ஆம், என்டரும் ஓர் எழுத்துதான்! அதற்கும் கியூவில் ஓர் இடம் உண்டு.

ஸ்கேன்எஃப் வருகிறது. அதற்கு வேண்டியது ஓர் எண். 3-ஐ எடுத்துக்கொள்கிறது, 4-ஐ எடுத்துக்கொள்கிறது. அடுத்து நிற்பது இலக்கம் இல்லை என்று தெரிந்ததும், அதைத் தொடாமல் விட்டுவிட்டு 34 என்ற எண்ணோடு போய்விடுகிறது. என்டர் மட்டும் கியூவின் தலையில் தனியாக நிற்கிறது.

அடுத்து கெட்ஸ் வருகிறது. அதன் வேலை ஒரு வரியை எடுப்பது. வரி எங்கே முடிகிறது? என்டர் வரும் இடத்தில். கியூவைப் பார்க்கிறது, முதல் ஆளே என்டர்! "சரி, வெற்று வரி போலிருக்கிறது" என்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறது. கீபோர்டைப் பார்க்க வேண்டிய அவசியமே அதற்கு வரவில்லை. கியூவில் ஆள் இல்லாவிட்டால்தான் லைப்ரரி உங்களுக்காகக் காத்திருக்கும்.

பெயரையும் ஸ்கேன்எஃப் வழியாகவே %எஸ் போட்டு வாங்கினால் இந்தத் தொல்லை வராது. ஏனென்றால் %டி, %எஸ் இரண்டும் முன்னால் நிற்கும் இடைவெளி, என்டர் எல்லாவற்றையும் தள்ளிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். ஆனால் வேறொரு தொல்லை காத்திருக்கிறது. %எஸ் முதல் இடைவெளியிலேயே நின்றுவிடும். "முத்து லட்சுமி" என்று கொடுத்தால் முத்து மட்டும் உள்ளே போவார். லட்சுமி கியூவில் நின்றுகொண்டு, அடுத்து "ஊர் எது?" என்று கேட்டதும் ஊரின் பெயராகப் போய் உட்கார்ந்துவிடுவார். வீட்டுக் கணக்கு என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். கடை பில்லில் இந்தக் குழப்பம் வந்தால் பெயரின் பாதி, அடுத்த கட்டத்துக்கு உரிய இடத்தில் போய் நிற்கும்.

ஒரே ஒரு எழுத்தை வாங்கும் %சி இன்னும் மோசம். அது எதையும் தள்ளாது. "தொடரவா?" என்று கேட்டு ஒய் அல்லது என் பதில் வாங்கும் இடத்தில், கியூவில் நிற்கும் என்டரையே பதிலாக எடுத்துக்கொள்ளும். %-க்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டு " %சி" என்று எழுதினால் அது சரியாகும். அந்த ஒரு இடைவெளிக்கு "வழியில் நிற்கும் வெற்று எழுத்துகளைத் தள்ளு" என்று அர்த்தம்.

வயது கேட்கும்போது யாராவது எண்ணுக்குப் பதில் எழுத்துகளை அடித்தால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். ஸ்கேன்எஃப் முதல் எழுத்திலேயே திகைத்து, எதையும் எடுக்காமல் திரும்பிவிடும். "சரியான வயது வரும்வரை திரும்பக் கேள்" என்று லூப் போட்டிருந்தால், அதே எழுத்துகள் கியூவில் அப்படியே நிற்க, கேள்வி திரை முழுக்க நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். கன்ட்ரோல், சி அழுத்தித்தான் நிறுத்த வேண்டும். ஸ்கேன்எஃப் தான் எத்தனை மதிப்புகளை வாங்கியது என்று ஓர் எண்ணைத் திருப்பித் தருகிறது. நம் புத்தகங்களில் பெரும்பாலானவை அதைச் சோதிக்கச் சொல்லித் தருவதே இல்லை.

கை வைத்தியங்கள்

இதற்குக் கல்லூரி லேப்களில் வழக்கமாகச் சொல்லும் மருந்து, எஃப்ஃப்ளஷ்(எஸ்டிடிஇன்). "கியூவைக் காலி செய்" என்ற நினைப்பில் எழுதுகிறார்கள். ஆனால் எஃப்ஃப்ளஷ், வெளியே போகும் எழுத்துகளைத் தள்ளுவதற்காக உள்ளது. உள்ளே வருவதில் அதைப் பயன்படுத்தினால் என்ன நடக்கும் என்று சி மொழியின் தர நிர்ணயம் எந்த உறுதியும் தரவில்லை. மைக்ரோசாப்டின் பழைய கம்பைலர்களில் அது கியூவைக் காலி செய்தது. விஷுவல் ஸ்டுடியோ 2015 முதல் அங்கேயும் செய்வதில்லை. சீனியர் கொடுத்த புரோகிராம் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொரு மருந்து கோனியோ.எச். கெட்சிஎச், கிளியர்எஸ்சிஆர் போன்றவை இதில்தான் இருக்கின்றன. 1987-ல் போர்லண்ட் நிறுவனம் வெளியிட்ட டர்போ சி வழியாக நம் ஊரில் இவை வேரூன்றிவிட்டன. கெட்சிஎச் கியூவைச் சுற்றிக்கொண்டு நேராகக் கீபோர்டிடம் போகும், என்டருக்குக் காத்திருக்காது. "ஏதாவது ஒரு கீயை அழுத்துங்கள்" என்று கேட்க அது வசதிதான். ஆனால் இது டாஸ் காலத்துச் சரக்கு. சி மொழியின் தர நிர்ணயத்தில் கிடையாது. லினக்ஸில் கம்பைல் ஆகாது. டர்போ சியே 16-பிட் புரோகிராம் என்பதால் 64-பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது; டாஸ்பாக்ஸ் என்ற போலி டாஸுக்குள் வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். புதிதாகக் கற்பவர்கள் இவ்வளவு சுற்ற வேண்டுமா? இலவசமாகக் கிடைக்கும் ஜி.சி.சி. கம்பைலரை, கோட் பிளாக்ஸ் போன்ற எடிட்டரோடு சேர்த்து நிறுவிக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை.

கெட்ஸ்: ஒரு வார்த்தையில் 6,000 கம்ப்யூட்டர்கள்

மேலே உள்ள புரோகிராமில் கெட்ஸ் இருக்கிறதே, அது வெற்று வரியை எடுத்துக்கொண்டு போவது மட்டும் குறை இல்லை. அது ஆபத்தானது.

பெயருக்கு 30 பைட் இடம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். கெட்ஸுக்கு அந்த இடம் எங்கே தொடங்குகிறது என்று மட்டும் தெரியும். எங்கே முடிகிறது என்று அதற்குச் சொல்லவே வழி இல்லை. ஒருவர் 200 எழுத்துகளை டைப் செய்தால் 200-ஐயும் எழுதிக்கொண்டே போகும். 30-க்கு மேல் உள்ளவை பக்கத்து வேரியபிள்களின் மீது விழும். அதையும் தாண்டினால், "இந்த ஃபங்ஷன் முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும்" என்று குறித்து வைத்திருக்கும் முகவரியின் மீது விழும். விவரம் தெரிந்த ஒருவர் அங்கே விழ வேண்டிய பைட்டுகளைக் கணக்குப் போட்டு அனுப்பினால், உங்கள் புரோகிராம் அவர் சொன்ன இடத்துக்குத் தாவி அவர் சொன்ன வேலையைச் செய்யும்.

இது கற்பனை இல்லை. 1988 நவம்பர் 2 அன்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ், தானாகப் பரவும் ஒரு புரோகிராமை இன்டர்நெட்டில் விட்டார். அது பரவிய வழிகளில் ஒன்று, யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களில் இருந்த ஃபிங்கர் என்ற சேவை. யார் லாகின் செய்திருக்கிறார்கள் என்று சொல்லும் சாதாரண புரோகிராம் அது. கேள்வியை வாங்க 512 பைட் இடம் ஒதுக்கி, கெட்ஸ் வைத்துப் படித்தது. மோரிஸின் புரோகிராம் 536 பைட் நீளமுள்ள ஒரு வரியை அனுப்பியது. அவ்வளவுதான்! அன்று இன்டர்நெட்டில் இருந்தவை சுமார் 60,000 கம்ப்யூட்டர்கள். அவற்றில் 6,000 பாதிக்கப்பட்டதாக ஓர் உத்தேசக் கணக்கு சொல்கிறது. பல்கலைக்கழகங்களும் ஆய்வகங்களும் கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கிலிருந்து பிடுங்கிப் போட்டன. 1990-ல் மோரிஸுக்கு மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம் என்று தீர்ப்பானது.

இத்தனை நடந்த பிறகும் கெட்ஸ் லைப்ரரியை விட்டுப் போக நெடுங்காலம் ஆனது. 2011-ல் வந்த சி மொழித் தர நிர்ணயம்தான் அதை அடியோடு நீக்கியது. ஜி.சி.சி.யின் பழைய பதிப்புகளை வைத்து லினக்ஸில் கம்பைல் செய்து பாருங்கள். கெட்ஸ் ஆபத்தானது, பயன்படுத்தாதீர்கள் என்று எச்சரிக்கை வரும். அந்த எச்சரிக்கையைப் பார்த்து, "எர்ரர் இல்லை, வார்னிங்தானே" என்று மேலே போகிறவர்கள்தான் அதிகம்.

வரியாக வாங்குங்கள், பிறகு பிரியுங்கள்

சரியான வழி ரொம்பச் சுலபம். எண்ணோ பெயரோ, எதுவாக இருந்தாலும் முதலில் எஃப்கெட்ஸ் வைத்து முழு வரியாக வாங்கிக்கொள்ளுங்கள். எண் வேண்டுமென்றால் அந்த வரியிலிருந்து பிரித்தெடுங்கள்:

எஃப்கெட்ஸ்(வரி, 80, எஸ்டிடிஇன்);
எஸ்ஸ்கேன்எஃப்(வரி, "%டி", &வயது);

இதில் 80 என்பது இடத்தின் அளவு. எஃப்கெட்ஸ் அதிகபட்சம் 79 பைட்டுகளைத்தான் எடுக்கும். கடைசி ஒன்று முடிவுக் குறிக்கு. என்டரையும் சேர்த்தே எடுத்துவிடுவதால் கியூவில் ஒன்றும் மிச்சம் நிற்காது. எஸ்ஸ்கேன்எஃப் 1 என்று திருப்பித் தந்தால் எண் கிடைத்தது. இல்லையென்றால் "எண்ணாகக் கொடுங்கள்" என்று திரும்பக் கேட்கலாம். லூப் தலைதெறிக்க ஓடாது.

இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. பெயரை வாங்கும்போது அதன் கடைசியில் என்டர் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நீக்க வேண்டும். ஒருவேளை கடைசியில் என்டர் இல்லாவிட்டால், டைப் செய்தவர் இடத்தை மீறி எழுதிவிட்டார் என்று அர்த்தம். மிச்சம் கியூவில் நிற்கிறது. என்டர் வரும்வரை கெட்சிஎச்ஏஆர் வைத்து ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளிவிடுங்கள்.

பள்ளிகளில் பைத்தான் படிப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. பைத்தானின் இன்புட் எப்போதும் முழு வரியாகத்தான் வாங்கும், என்டரையும் நீக்கியே தரும். ஆனால் 34 என்று கொடுத்தாலும் அது எழுத்தாகத்தான் வரும். இன்ட் போட்டு எண்ணாக மாற்றியே ஆக வேண்டும். மறந்துவிட்டு இரண்டு பதில்களைக் கூட்டினால் 2-ம் 3-ம் சேர்ந்து 23 ஆகிவிடும்!

வெளியே போகும் கியூ

திரைக்குப் போகும் வழியிலும் ஒரு கியூ உண்டு. பிரின்ட்எஃப் கொடுத்ததும் எழுத்து உடனே திரையில் விழுந்துவிடுகிறது என்று நினைக்கிறோம். அது பஃபரில் சேர்கிறது. லினக்ஸ் திரை என்றால் வரி முடியும்போது வெளியே வரும். ஃபைலுக்கோ வேறொரு புரோகிராமுக்கோ போகிறது என்றால், பஃபர் நிறையும்வரை உள்ளேயே இருக்கும். சில எடிட்டர்களில் கீழே தெரியும் கட்டம் உண்மையான கன்சோல் இல்லை. அதனால்தான் "வயது என்ன?" என்ற கேள்வி தெரியாமலேயே கர்சர் மட்டும் சிமிட்டிக்கொண்டு நிற்கிறது. கேள்விக்குப் பின்னால் எஃப்ஃப்ளஷ்(எஸ்டிடிஅவுட்) என்று சேருங்கள். எஃப்ஃப்ளஷுக்கு உரிய இடம் இதுதான்.

புரோகிராம் பாதியில் செத்துவிட்டால் பஃபரில் இருந்ததும் அதோடு போய்விடும். "இதுவரை ஓடியதா" என்று பார்க்க நீங்கள் போட்ட பிரின்ட்எஃப் திரையில் வராது. தவறு அதற்கும் முன்னால் இருக்கிறது என்று நினைத்து மணிக்கணக்கில் தேடுவீர்கள். இதற்கென்றே எஸ்டிடிஎர்ர் என்ற தனி வழி இருக்கிறது. அதில் எழுதுவது காத்திருக்காமல் வெளியே வரும். பிழைச் செய்திகளை அதில் அனுப்பும் வழக்கம் யூனிக்ஸ் காலத்திலிருந்தே உள்ளது.

எஸ்டிடிஇன் என்பது கீபோர்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பதில்களை வரிக்கு ஒன்றாக ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வைத்து, கமாண்ட் பிராம்ப்ட்டில் புரோகிராமின் பெயர், ஒரு < குறி, ஃபைலின் பெயர் என்று கொடுங்கள். புரோகிராம் கீபோர்டுக்குப் பதில் ஃபைலிலிருந்து படிக்கும். ஒவ்வொரு முறை சோதிக்கும்போதும் பத்து பதில்களைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டியதில்லை. அதேபோல் > குறி போட்டால் திரைக்கு வருவது ஃபைலுக்குப் போகும். எஸ்டிடிஎர்ர் மட்டும் திரையிலேயே தெரியும்.

தமிழில் பெயர் கொடுத்தால்?

எஃப்கெட்ஸ் எண்ணுவது எழுத்துகளை இல்லை, பைட்டுகளை. ஆங்கிலத்தில் முத்துலட்சுமி என்பது 12 எழுத்து, 12 பைட். தமிழில் யூடிஎஃப்-8 முறைப்படி ஒவ்வொரு யூனிகோட் குறிக்கும் 3 பைட் வேண்டும். முத்துலட்சுமியில் துணைக்குறிகளையும் புள்ளிகளையும் சேர்த்து 13 குறிகள். ஆக 39 பைட். நாம் ஒதுக்கியது 30. எஃப்கெட்ஸ் 29 பைட்டோடு நிறுத்தும்போது "முத்துலட்" வரை முழுசாக வரும்; அடுத்து வரும் சகரத்தின் மூன்று பைட்டுகளில் இரண்டு மட்டும் உள்ளே வந்து, திரையில் கேள்விக்குறியாகவோ கட்டமாகவோ தெரியும். மூன்றாவது பைட்டும் மீதிப் பெயரும் கியூவில் நின்று அடுத்த கேள்விக்குப் பதிலாகப் போகும். தமிழ்ப் பெயர்களுக்கு 150 பைட்டாவது ஒதுக்குங்கள்.

விண்டோஸ் கன்சோலில் தமிழைப் பார்க்க, புரோகிராமை ஓட்டும் முன் சிஎச்சிபி 65001 என்று கொடுத்து யூடிஎஃப்-8 முறைக்கு மாற்ற வேண்டும். பழைய கன்சோலில் இதன் பிறகும் வெறும் கட்டங்கள்தான் வரும். 2020-ல் முதல் முழுப் பதிப்பாக வந்த விண்டோஸ் டெர்மினல் எவ்வளவோ தேவலை. ஆனால் அங்கும் எழுத்துக்கு ஒரு கட்டம் என்ற டெலிடைப் கணக்கு முழுசாக மறையவில்லை. கொம்பும் காலும் சில சமயம் விலகி நிற்கும். கீபோர்ட் வழியே தமிழை வாங்குவது பழைய விண்டோஸ் பதிப்புகளில் ஒழுங்காக நடக்காது. அப்போது பெயர்களை நோட்பேடில் யூடிஎஃப்-8 ஆகச் சேமித்து, < குறி வழியாகக் கொடுத்துப் பாருங்கள். அந்த வழியில் பைட்டுகள் சிதையாமல் வந்து சேரும்.